தூங்கி எழுந்ததும் விழும் லேப்டாப், காணாமல் போகும் வைஃபை: விண்டோஸ் 11க்கு மாறிய ஒரு கணினியின் பழுதுப் பதிவு

கணினி 2019 மாடல் லேப்டாப். எட்டாம் தலைமுறை ஐ5, இரண்டு 4 ஜிபி குச்சிகளாக 8 ஜிபி ரேம், 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவதாக இருந்ததால், ஃபைல்களையும் புரோகிராம்களையும் அப்படியே வைத்துக்கொண்டு விண்டோஸ் 11, 24ஹெச்2 பதிப்புக்கு ஏற்றப்பட்டது. மறுநாளே இரண்டு தொல்லைகள் தொடங்கின. மூடி வைத்துத் திறந்தால் சில நிமிடங்களில் திரை உறைந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. வேறு சில சமயங்களில் கணினி இப்படி விழவில்லை (க்ராஷ் ஆகவில்லை), ஆனால் வைஃபை சின்னம் மறைந்து பூமி உருண்டைச் சின்னம் மட்டும் நிற்கிறது. ஷட் டவுன் செய்து மறுபடி போட்டாலும் வைஃபை வருவதில்லை, ரீஸ்டார்ட் கொடுத்தால் வந்துவிடுகிறது. சார்ஜர் செருகியிருந்தால் தொல்லை குறைவு, பேட்டரியில் ஓடும்போது அதிகம்.

இந்த நாலு குறிப்புகளிலேயே பாதி விடை இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட கணினி வந்தால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் போடுகிறார்கள். அதே பழைய டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) திரும்பவும் வந்து உட்கார்ந்தால் அதே பழுதும் திரும்ப வரும். இடையில் ஒரு நாள் உழைப்பும், சில சமயம் படங்களும் ஆவணங்களும் போனதுதான் மிச்சம். விழுவதும் வைஃபை போவதும் இரண்டு பழுதுகள் என்று எடுத்துக்கொண்டு தனித்தனியாக ஓடக்கூடாது. இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதை முதலில் நேரத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி 10 நாட்களுக்குத்தான் திறந்திருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக் என்ற வரிசையில் அது இருக்கும். சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். இடம் போதவில்லை என்று டிஸ்க் க்ளீனப் ஓட்டி அந்த ஃபோல்டரை அழித்துவிட்டால் கதவு மூடிவிடும். நாட்கள் முடியும் முன்பே கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, டிஸ்ம் கட்டளையில் செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ என்ற ஸ்விட்சோடு 60 என்று கொடுத்தால் கெடு 60 நாளாக நீளும். முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள். நிதானமாகப் பழுது பார்க்க அவகாசம் கிடைக்கும்.

அடுத்தது பிட்லாக்கர், டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி. டிரைவ் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைக்காமல் பயாஸ் பக்கமோ சேஃப் மோடு பக்கமோ போகவே கூடாது. பயாஸ் அப்டேட் செய்யப் போகிறீர்கள் என்றால் பிட்லாக்கரை முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் டேட்டாவை மீட்க வழி கிடையாது.

மூன்றாவது, முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். அடிக்கடி விழும் கணினியில் எஸ்எஸ்டியே குற்றவாளியாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

தடயம் சேர்த்தல்

விழுந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்த வேண்டும். விண்டோஸ் பட்டனும் ஆர் பட்டனும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் sysdm.cpl என்று அடித்து, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி பகுதியில் ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் என்பதன் டிக்கை எடுங்கள். அதே இடத்தில் ஸ்மால் மெமரி டம்ப் (விழுந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததன் சிறு பதிவு) என்று தேர்ந்தெடுங்கள். இனி விழும்போது திரை அப்படியே நிற்கும், ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பழகிய நீலத் திரையைத் தேடாதீர்கள். 24ஹெச்2 பதிப்புக்கு 2025 நடுவில் வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு அது கறுப்புத் திரை. அடியில் ஸ்டாப் கோடும் (பிழையின் குறியீடு), தெரிந்தால் தவறிய டிரைவரின் பெயரும் வரும்.

அடுத்து ரிலையபிலிட்டி மானிட்டர். ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தட்டினாலே வரும். நாள்வாரியாகச் சிவப்புக் குறிகள் இருக்கும். அப்டேட் ஏறிய நாளுக்கு முன் ஒரு குறியும் இல்லை, பின்னால் வரிசையாக இருக்கின்றன என்றால் மென்பொருள் பக்கம் சந்தேகம் வலுக்கும். முன்பும் இருந்திருந்தால் அப்டேட்டின் மேல் பழி போடுவது தவறு. ரேமோ டிஸ்கோ முன்பே தளர்ந்திருக்கலாம்.

பிறகு ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போனால், கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் காட்டி ‘பவர் சப்ளை போச்சு’ என்பார்கள். அது சொல்வதெல்லாம் கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பதுதான், காரணத்தை அல்ல. காரணத்தின் நிழல் அதன் டீட்டெயில்ஸ் பக்கத்தில் பக்செக்கோடு என்ற வரியில் இருக்கும். அங்கே எண் பதின்ம முறையில் வரும். திரையில் வருவது பதினாறடிமான முறை. இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தெரியாமல் தவறான ஸ்டாப் கோடைத் தேடிப் பல மணி நேரம் வீணாகிறது. அடிக்கடி வருபவை இவை: 159 என்றால் திரையில் 9எஃப், அதாவது டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர். 209 என்றால் டி1, ஒரு டிரைவர் தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்டது. 307 என்றால் 133, டிபிசி வாட்ச்டாக். 26 என்றால் 1ஏ, மெமரி மேனேஜ்மெண்ட். 292 என்றால் 124, ஹார்டுவேர் பிழை. 278 என்றால் 116, கிராபிக்ஸ் டிரைவர். எண் 0 என்றே இருந்தால் விண்டோஸுக்குப் பதிவு செய்யக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். மின்சாரம் சட்டென்று போயிருக்கும், அல்லது உறைந்துபோய் யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருப்பார்கள்.

இந்த லேப்டாப்பில் பெரும்பாலான பதிவுகளில் 159, ஒன்றில் மட்டும் 209.

இனி முக்கியமான வேலை. 41 பதிவின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய பத்து நிமிடப் பதிவுகளை மட்டும் கீழிருந்து மேலாக (புதியது மேலே இருக்கும்) வாசித்தால் படம் துலங்குகிறது. முதலில் பவர்-ட்ரபிள்ஷூட்டர் 1, கணினி தூக்கத்திலிருந்து எழுந்ததைச் சொல்கிறது. உடனே விண்டோஸின் நெட்வொர்க் அடுக்கான என்டிஐஎஸ் மூலத்திலிருந்து 10317: நெட்வொர்க் மினிபோர்ட் (கார்டின் டிரைவர்) இயங்கும் மின்நிலைக்குத் திரும்பத் தவறியது என்கிறது. பின்னாலேயே 10400: நெட்வொர்க் சாதனம் தன்னைத்தானே ரீசெட் செய்யத் தொடங்கியது. அதற்குப் பிறகு இரண்டில் ஒன்று நடக்கிறது. ரீசெட் கைகூடாமல் சாதனம் மறைந்துபோனால் பூமி உருண்டைச் சின்னம். பதில் வராத மின்நிலைக் கட்டளைக்காகக் கெர்னல் (விண்டோஸின் மையப் பகுதி) காத்துக் காத்துக் கெடு முடிந்தால் 9எஃப். ஆக, ஒரே வைஃபை கார்டு எழ மறுப்பதுதான் இரண்டு முகம் காட்டியிருக்கிறது.

டம்ப் ஃபைல் இதை உறுதி செய்யும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் அது இருக்கும். மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி கருவியில் திறந்து, ஆச்சரியக்குறி போட்டு அனலைஸ், இடைவெளி விட்டு மைனஸ் வி என்று அடித்தால் அலசல் வரும். 9எஃப்-இல் முதல் எண் 3 என்றால், ஒரு சாதனம் மின்நிலைக் கட்டளையை நேரத்துக்கு முடிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: மாட்யூல் பெயர் என்ற இடத்தில் பிசிஐ அல்லது என்டிஓஎஸ்கெர்னல் என்று வந்தால் அதை நம்பி நிற்காதீர்கள். அவை விண்டோஸின் சொந்த உறுப்புகள், கடைசியாக அங்கே நின்றிருந்தவை மட்டுமே. இரண்டாவது எண்ணில் வரும் சாதன முகவரியை எடுத்து, அதே மாதிரி ஆச்சரியக்குறி போட்டு டெவ்ஸ்டாக் கொடுத்தால் அதன் மேல் அடுக்கியிருக்கும் டிரைவர்களின் பெயர்கள் வரும். இங்கே வந்தது வைஃபை டிரைவர்.

டிரைவர்: பழையதை வேரோடு எடுப்பது

கமாண்ட் ப்ராம்ப்டில் நெட்எஸ்ஹெச் டபிள்யூலான் ஷோ டிரைவர்ஸ் என்று கொடுத்தால் டிரைவரின் தேதியும் பதிப்பும் வரும். தேதி 2019. அப்டேட் நடக்கும்போது விண்டோஸ் பழைய டிரைவரைக் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. விண்டோஸ் 10 காலத்து வைஃபை டிரைவர்கள் டபிள்யூடிஐ என்ற அமைப்பில் எழுதப்பட்டவை. விண்டோஸ் 11இல் வைஃபைசிஎக்ஸ் என்ற புதிய அமைப்பு வந்தது. பழையதும் ஓடும், அதனால்தான் அப்டேட் தடையில்லாமல் முடிந்தது. ஆனால் தூங்குவது, எழுவது போன்ற ஓரங்களில் பழைய டிரைவர் இடறுகிறது.

புதியதை எங்கே தேடுவது? டிவைஸ் மேனேஜரில் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ். வென் என்பதற்கு அடுத்த நாலு எழுத்துகள் சிப் யாருடையது என்று சொல்லும்: 8086 இன்டெல், 10ஈசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி குவால்காம் அதெரோஸ், 14ஈ4 பிராட்காம். முதலில் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் எண்ணுக்கான பக்கத்தைப் பாருங்கள். அங்கே விண்டோஸ் 11 டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்தில் டிரைவர் அப்டேட்ஸ் பட்டியல். ‘எல்லா டிரைவரையும் நாங்களே புதுப்பிக்கிறோம்’ என்று வரும் மூன்றாம் ஆள் மென்பொருள்கள் பக்கம் தயவுசெய்து போக வேண்டாம். மாடலுக்குப் பொருந்தாததை ஏற்றி, ஒரு பழுதை மூன்றாக்கிவிடும்.

வைஃபையே இல்லாதபோது இறக்குவது எப்படி? ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் போதும். கணினி அதை ஈதர்நெட்டாகப் பார்க்கும். ஃபோன் வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாகூடச் செலவாகாது. எதையும் நீக்கும் முன்பே புதிய டிரைவரை இறக்கி டெஸ்க்டாப்பில் வைத்துவிடுங்கள்.

நீக்கும் முன் பழையதின் பிரதி ஒன்றையும் எடுத்து வைக்கலாம். பிஎன்பியூட்டில் கட்டளையில் எக்ஸ்போர்ட்-டிரைவர் ஸ்விட்ச் அதற்குத்தான். பிறகு டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் ரைட் க்ளிக், அன்இன்ஸ்டால் டிவைஸ். வரும் பெட்டியில் டிரைவரையும் அகற்றச் சொல்லும் டிக்கைக் கட்டாயம் போட வேண்டும். அது இல்லாமல் நீக்கினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே 2019 டிரைவர் வந்து உட்கார்ந்துகொள்ளும். டிக் போட்டு நீக்கிய பிறகும் ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ் கொடுத்துப் பாருங்கள். விண்டோஸின் டிரைவர் கிடங்கில் அதைவிடப் பழைய பிரதி ஒன்று பதுங்கியிருந்தால் அது எழுந்து வரும். இந்த லேப்டாப்பில் அப்படி ஒன்று இருந்தது, இரண்டு முறை நீக்க வேண்டியதாயிற்று. எல்லாம் போனபின் புதியதை ஏற்றி ரீஸ்டார்ட்.

இங்கே ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருக்கும்போது ஷட் டவுன் என்பது முழு நிறுத்தம் இல்லை. கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொள்ளும். செத்துப்போன வைஃபை செத்தபடியே திரும்பி வந்ததன் ரகசியம் இதுதான். பழுது பார்க்கும் நாட்களில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ என்ற இடத்தில் அதை ஆஃப் செய்து வையுங்கள். ஒரே ஒரு தடவை முழுதாக நிறுத்த வேண்டுமானால் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் போதும்.

சோதனை முறை: சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியில், மூடியை மூடி ஐந்து நிமிடம், திறந்து ஐந்து நிமிடம். பத்துச் சுற்று. கூடவே ஈவென்ட் வியூவரில் 10317 வருகிறதா என்று பார்க்க வேண்டும். விழவில்லை என்பது மட்டும் போதாது, அந்தப் பதிவே வராமல் இருந்தால்தான் வேர் போயிற்று என்று பொருள். பத்துச் சுற்றிலும் வரவில்லை.

அறுந்து அறுந்து வரும் வைஃபை

விழுவது நின்றாலும் ஒரு குறை மிஞ்சியது. அரை மணிக்கு ஒரு தடவை இணைப்பு அறுந்து, பத்து விநாடியில் தானாகச் சேர்ந்துகொள்கிறது. இதற்கு விண்டோஸிலேயே அருமையான கருவி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்டில் நெட்எஸ்ஹெச் டபிள்யூலான் ஷோ டபிள்யூலான்ரிப்போர்ட் என்று கொடுத்தால், கடைசி மூன்று நாளின் இணைப்பு வரலாறு பிரவுசரில் திறக்கும் அறிக்கையாக வரும். ஒவ்வொரு அறுபடலுக்கும் காரணம் எழுதியிருக்கும். டிரைவர் துண்டித்தது என்றிருந்தால் கணினிப் பக்கம், பயனர் துண்டித்தது என்றிருந்தால் யாரோ கைவைத்தது. எல்லா அறுபடலும் ஒரே ரௌட்டரில்தான், ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் ரௌட்டர் பக்கம் திரும்பலாம். இங்கே இரண்டிலும் பங்கு இருந்தது.

கணினிப் பக்கம்: டிவைஸ் மேனேஜரில் கார்டின் பவர் மேனேஜ்மெண்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தோம். அப்படியொரு பக்கமே உங்கள் கணினியில் இல்லையென்றால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை வகையாக இருக்கும். பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஏ கொடுத்தால் எஸ்3 (பழைய தூக்க முறை) வகையா எஸ்0 (மாடர்ன் ஸ்டாண்ட்பை) வகையா என்று தெரியும். பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ், லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மெண்ட். பேட்டரிக்கு அதிகபட்சச் சேமிப்பு என்றிருந்ததை ஆஃப் ஆக்கியதும் அறுபடல் வெகுவாகக் குறைந்தது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ரௌட்டர் பக்கம்: 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இது பக்கத்து வீட்டுச் சிக்னலோடு ஓயாத மோதல். 20 ஆக்கி, 1, 6, 11இல் காலியாக இருப்பதில் நிறுத்துங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் ஆட்டோவில் இருந்தால் ரேடார் பகிர்ந்துகொள்ளும் 52 முதல் 144 வரையிலான சேனல்களில் ரௌட்டர் போய் உட்காரலாம். ரேடார் சிக்னல் என்று சந்தேகம் வந்த நொடியே அது அந்தச் சேனலைக் காலி செய்தாக வேண்டும், இணைப்பு அறும். 36, 40, 44, 48 என்பவற்றில் ஒன்றைக் கையால் வையுங்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பில் இருந்து பழைய கார்டு தடுமாறினால், சோதனைக்காக டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் வைத்துப் பாருங்கள். பாதுகாப்பையே எடுத்துவிட்டுச் சோதிக்க வேண்டாம்.

இன்னொன்று, சின்னதாகத் தெரியும், ஆளைச் சுற்ற வைக்கும். யுஎஸ்பி 3 கேபிளும் ஹப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளப்பும். 2012இலேயே இன்டெல் இதை அளந்து வெளியிட்டிருக்கிறது. பேக்கப் எடுக்க வெளி டிஸ்க் செருகிய நேரத்தில் மட்டும் வைஃபை தடுமாறினால் டிரைவரைத் திட்டாமல், டிஸ்கை எதிர்ப்பக்கப் போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

நெட்வொர்க் ரீசெட் பட்டனைக் கடைசிக்கு வையுங்கள். அது விபிஎன் அமைப்புகளையும் சேமித்த கடவுச்சொற்களையும் துடைத்துவிடும். ஆனால் பழைய விபிஎன், ஆன்டிவைரஸ் விட்டுச்சென்ற ஃபில்டர் டிரைவர் கார்டின் ப்ராப்பர்ட்டீஸ் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தால், இணைப்பு இருந்தும் இணையம் வராது. முதலில் அந்த மென்பொருளை முறையாக நீக்கிப் பார்த்து, அசையாவிட்டால் ரீசெட்.

மூடியைக் கழற்றினால்

சிக்னல் சதவீதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விண்டோஸ் காட்டும் 100 சதவீதம் என்பது மைனஸ் 50 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு), 0 என்பது மைனஸ் 100. இடையில் நேர்கோடு. நிலையான இணைப்புக்கு மைனஸ் 67 வேண்டும் என்பார்கள், அதாவது 66 சதவீதம். ரௌட்டருக்கு இரண்டடியில் வைத்தும் 50ஐத் தாண்டவில்லை என்றால் ஆன்டெனா இணைப்பான் கழன்றிருக்கும். எஸ்எஸ்டி மாற்றும்போதோ ரேம் போடும்போதோ விரல் பட்டு இது நடப்பது சகஜம்.

சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி கனெக்டரை எடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கார்டு விரல் நகம் அகலம், எம்.2 2230 அளவு, ஒற்றைத் திருகு. அதன் முனையில் இரண்டு பொன்னிறப் பொட்டுகள், அவற்றின் மேல் மிளகைவிடச் சிறிய தொப்பிகளாக ஆன்டெனா கம்பிகள். கம்பியைப் பிடித்து இழுத்தால் தொப்பி கையோடு வராது, கம்பி மட்டும் அறுந்து வரும். பிளாஸ்டிக் ஸ்பட்ஜரை (தட்டையான நெம்புகுச்சி) அடியில் கொடுத்து நேராக மேலே நெம்ப வேண்டும். கார்டில் கறுப்பு முக்கோணம் உள்ள பொட்டுக்குக் கறுப்புக் கம்பி, வெள்ளை முக்கோணத்துக்கு வெள்ளை அல்லது சாம்பல். பொருத்தும்போது தொப்பியைப் பொட்டின் மேல் சரியாக உட்கார வைத்து, நகத்தால் நேராக ஒரு அழுத்து. மெல்லிய ‘க்ளிக்’ வந்தால் சரி. சாய்ந்த நிலையில் அழுத்தினால் தொப்பியின் விளிம்பு விரிந்து, பிறகு எப்போதும் கழன்றுகொண்டே இருக்கும்.

கார்டையே மாற்ற வேண்டி வந்தால் பெயரில் ஒரு எண் வித்தியாசத்தில் ஏமாறாதீர்கள். இன்டெல் ஏஎக்ஸ்201 சிஎன்விஐ வகை. பொருத்தமான இன்டெல் சிப்செட் இருந்தால்தான் அது வேலை செய்யும், ஏஎம்டி கணினியில் அசையாது. ஏஎக்ஸ்210 வழக்கமான பிசிஐஇ வகை, இரண்டிலும் ஓடும். அதன் ப்ளூடூத் பகுதி மட்டும் யுஎஸ்பி வழியாகப் பேசும். வைஃபை மட்டும் போய் ப்ளூடூத் நின்றால் டிரைவர் அல்லது பிசிஐஇ பக்கம், இரண்டும் சேர்ந்தே மறைந்தால் கார்டு அல்லது அதற்கு வரும் மின்சாரம் என்று பிரித்துப் பார்க்க இது உதவும்.

வேறு ஸ்டாப் கோடு வந்தால்

1ஏ வந்தால் ரேமைச் சந்தேகித்து, மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பியில் போட்டு இரவெல்லாம் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்க வேண்டும். என்விஎம்இ பக்கம், 24ஹெச்2 வந்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 2 டிபி மாடல்கள் விழ வைத்தன. ஹோஸ்ட் மெமரி பஃபருக்கு (எஸ்எஸ்டி கணினியின் ரேமிலிருந்து கடன் வாங்கும் இடம்) முன்பு 64 எம்பி தந்த விண்டோஸ், அவை கேட்ட 200 எம்பியையும் கொடுக்கத் தொடங்கியதுதான் காரணம். 2024 அக்டோபரில் நிறுவனம் ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தது. எஸ்எஸ்டி ஃபர்ம்வேரைப் பார்க்காமல் விண்டோஸை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்கு அது தீரவில்லை.

விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி கட்டளையை ஓட்டுவதாக இருந்தால் டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் முதலில், எஸ்எஃப்சி ஸ்கேன்நௌ பிறகு. எஸ்எஃப்சி நல்ல ஃபைலை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வது டிஸ்ம். கிடங்கே கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சியால் பயனில்லை. இரண்டும் விண்டோஸின் சொந்த ஃபைல்களை மட்டுமே சரிசெய்யும், இங்கே பார்த்த வைஃபை டிரைவரை அவை தொட்டிருக்கவே தொட்டிருக்காது.

இரண்டு வாரம் 10317உம் 41உம் வராமல் ஓடிய பிறகு ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட் டிக்கைத் திரும்பப் போட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை ஆஃபிலேயே விட்டுவிட்டோம். எஸ்எஸ்டி உள்ள கணினியில் அது மிச்சப்படுத்துவது சில விநாடிதான். புதிய டிரைவரின் பிரதி ஒரு பென்டிரைவில், மாடல் எண்ணும் தேதியும் எழுதிய துண்டுச்சீட்டோடு, லேப்டாப் பைக்குள் போனது. கடைசியாகத்தான் விண்டோஸ்.ஓல்டு அழிக்கப்பட்டது.